மேட்டுக்குப் போகும் கம்பி

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் போனுக்கு அடித்தால், "அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பெண் சொல்கிறாள். இந்த மாதம் உன்னோடு பேசியதைவிட அவளோடு பேசியதுதான் அதிகம். குரல் நன்றாக இருக்கிறது, விஷயம்தான் இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

கரண்ட் பில்லோடு ஒரு துண்டுத்தாள் வந்தது. தெருவில் எல்லோரும் அதை மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். படித்த மடையன் நான் ஒருவன்தான். இதுவரை கம்பம் இல்லாத இடத்தில் குடியிருப்பவன், கடைசிக் கம்பத்திலிருந்து தன் வாசல்வரை கம்பி இழுக்கும் செலவைத் தானே கட்டுவான். இனிமேல் அதை எல்லோர் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடப் போகிறார்களாம். எவனோ மலை உச்சியில் பல்பு எரிக்க, நான் இங்கே மாசாமாசம் அழ வேண்டும்! "ஒரு டீ விலைகூட வராது" என்கிறார்கள். எனக்கு அங்கேதான் உறைக்கிறது. பெரிய தொகை கேட்கிறவன் பயந்துகொண்டே கேட்பான். சின்னத் தொகை கேட்கிறவன் யோசித்துவிட்டு வந்திருக்கிறான்.

நான் பூட்டுக்கடைக்காரன். ஊரில் சந்தேகம் குறைந்தால் என் கல்லா காலி. அந்தத் தகுதியைப் பார்த்துத் தெருச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். தலைவர் நம் கர்னல்தான். பட்டாளத்தை அவர் ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. அது மீசைக்குக் கிடைத்த பட்டம். ஜூனில் மின்கட்டண ஆணையம் நகர மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. நாங்கள் ஆட்சேபம் தெரிவிக்கப் போகிறோம். பேசப் போவது அடியேன்.

கம்பி இழுக்கப் போகும் இடங்களின் முதல் பட்டியலில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? "பாலத்துக்கு அப்பால் உள்ள மேடு, பதினொரு வீடுகள்." அது உங்கள் பக்கம்தானே? பாலத்தடி டீக்கடை முகவரிக்குத்தானே உனக்கு எழுதுகிறேன்! கொஞ்சம் துப்புத் துலக்கி எழுது. யார் அந்தப் பதினொரு வீட்டுக்காரர்கள்? பின்னால் எந்தப் பெரிய மனிதர் ஒளிந்திருக்கிறார்?

புதுக் குடித்தனத்துக்கு நான் வாங்கித் தந்த ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறதா? மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், இவருக்குத்தான் லேசாக இருமல். முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுங்கள். அண்ணியிடம் கேட்காமல் எந்த மாத்திரையும் விழுங்காதீர்கள்.

இங்கே சிக்னல் சரியில்லை, அதனால்தான் போன் கிடைப்பதில்லை. எனக்கும் கடிதம்தான் பிடித்திருக்கிறது. ஃபிரிட்ஜ் ரொம்ப உபயோகமாக இருக்கிறது. இதுவரை ஒரு நாள்கூட ரிப்பேர் ஆனதில்லை.

நீங்கள் சொன்ன மேட்டை விசாரித்தேன். பெரிய மனிதர் யாரும் இல்லை. ஒரு கொத்தனார், இரண்டு லாரி டிரைவர்கள், ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், இப்படித்தான். ஒரு வீட்டில் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறார்கள். அந்த வீட்டுக்காரி கொஞ்சம் பிடிவாதக்காரி என்று கேள்வி.

கூட்டத்தில் என்னென்ன பேசப் போகிறீர்கள்? எனக்கும் எழுதுங்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

உங்கள் தங்கை

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இதை உங்கள் மருந்துக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் துண்டுத்தாளில் இருக்கும் மேடு எங்கள் மேடுதான். அந்தப் பிடிவாதக்காரி நான்தான். நீங்கள் போன வருஷம் வந்து பார்த்தபோது இருந்த அதே நிலைமை: ஜெனரேட்டர், டீசல், கரி. இன்குபேட்டரில் முட்டை இருக்கும்போது சூடு குறையவே கூடாது. போன மழைக்கு டீசல் வண்டி மேலே ஏறாமல், பொரிக்க வைத்த முட்டை முழுவதும் வீணாகிப் போனதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். இந்த மழைக்கும் அப்படி ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கீழே வந்துவிட வேண்டியதுதான். சொந்தமாகக் கம்பம் நட எங்களால் முடியாது. மேட்டில் எவராலும் முடியாது. முதலில் கட்டுகிறவன் தலையில் மொத்தச் செலவும் விழும், பின்னால் வருகிறவன் சும்மா கொக்கி போட்டுக்கொள்வான் என்று, பதினொரு வீடும் மூன்று வருஷமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "எங்களுக்குக் கரண்டே பிடிக்காது" என்று சொல்லித் திரிந்தோம். இந்தப் புது ஏற்பாடு வந்தபிறகுதான் எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டோம்.

கூட்டத்தில் மேட்டுக்காக என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். சொன்னால், கரண்ட் இல்லாத இடத்தில் நிலம் வாங்கிய முட்டாள்தனத்தை வருஷம் பூராவும் பேசுவார். இல்லையென்றால் தங்கச்சிக்காகச் சங்கத்தின் வாயை அடைத்துவிட்டு, அதை ஆயுசு பூராவும் பேசுவார். இரண்டும் வேண்டாம். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டு வாங்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் கோழித்தீவனம் வைத்திருக்கிறேன். எலி நுழைய முடியவில்லை. உபயோகமாக இருக்கிறது என்று எழுதியது பொய்யில்லை.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் சமாதானத்துக்கு வந்துவிட்டது, தோள்பட்டை கிளம்பியிருக்கிறது. அங்கே மாப்பிள்ளையின் இருமல் எப்படி?

உன் துப்பு பிரமாதம். அந்தக் கோழிக்காரிதான் ஆள்! மற்ற பத்துப் பேரும் சும்மா ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டது. கொத்தனாரையும் தபால்காரரையும் முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இவள் வியாபாரம் நடத்துகிறாள். இவளுக்கும் பின்னால் யாரோ இருக்க வேண்டும். நான் விடப் போவதில்லை.

பேச வேண்டியதை நேற்றுக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். உன் அண்ணி, "யாரைத் திட்டுறீங்க?" என்று எட்டிப் பார்த்துவிட்டு, நான் என்னையே பார்த்துப் பேசுவதைக் கண்டு, "சரி, நியாயம்தான்" என்று போய்விட்டாள்.

முதல் கேள்வி: மேட்டுக்குப் போகச் சொன்னது யார்? ஆசைப்பட்டுப் போனவன் ஆசைக்கு விலை கொடுக்க வேண்டாமா? இரண்டாவது: வீட்டு விளக்குக்கு என்று சொல்லிவிட்டு அந்தக் கம்பியில் வியாபாரம் நடத்தினால் நாங்கள் எதற்கு அழ வேண்டும்?

கர்னல் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் அவரிடம் நம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இந்த இடத்தில் அப்பா வீடு கட்டும்போது நம் வீடுதான் ஊரின் கடைசி; பின்பக்கம் நரி ஊளையிடும். அப்பா மின் வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒரு காசு செலவில்லாமல் வாசலுக்குக் கம்பம் கொண்டுவந்தார். அந்த மனிதருடைய மகன் நான் என்றேன். கர்னல் அசந்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் அண்ணன்

*

மார்ச் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவருக்கு இருமல் நின்றுவிட்டது. தோள்பட்டைக்கும் அதே ஒத்தடம்தான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா கதையைக் கட்டாயம் மண்டபத்திலும் சொல்லுங்கள். எல்லோருக்கும் பிடிக்கும்.

எனக்கு ஒரே ஒரு பயம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தக் கோழிக்காரி ஏதாவது சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டால்? அவளிடம் நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடாதே. எந்தப் பதிலுக்கு உங்களிடம் மறுபதில் இல்லையோ, அதற்கு இப்போதே தயாராகிவிடுங்கள்.

அவளுக்குப் பின்னால் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, அண்ணா. முன்னால்தான் நிறையக் கோழி.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோழிக்காரிக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டாயா? குஞ்சு ஏதாவது சும்மா கொடுத்தாளா? கூடப் பிறந்தவளையே சந்தேகப்பட வைக்கிறாய், பார்.

நீ கேட்டதை யோசித்தேன். என்னிடம் மறுபதில் இல்லாத ஒரே பதில் இதுதான்: "வீட்டு விளக்குக்கு ஆகும் செலவை மட்டும் எல்லோரும் பகிரட்டும், என் தொழிலுக்குக் கூடுதலாக ஆவதை நானே கட்டுகிறேன்" என்று அவள் எழுந்து சொன்னால், நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் நீ பயப்படாதே. எந்த வியாபாரி தானாக வாயைத் திறந்து, என் பங்கை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்? முப்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நானே சொன்னதில்லை.

இன்னொரு விஷயம், உன்னோடு இருக்கட்டும். உன் அண்ணியை நான் சந்தேகப்படுகிறேன். மருந்துக்கடை முகவரிக்கு அவளுக்குக் கடிதம் வருகிறது. கேட்டால், "மருந்துக் கம்பெனி" என்கிறாள். எந்தக் கம்பெனி கையெழுத்தில் முகவரி எழுதுகிறது? போன வாரம் என் கடைக்கே வந்து, கைப்பைக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்கிக்கொண்டு போனாள். காசு கொடுத்து வாங்கினாள். அதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

கூட்டம் ஜூன் பதினாலு. ஆசீர்வாதம் பண்ண வயதில் மூத்தவர்கள் யாரும் இல்லை, நீயாவது நினைத்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஜூன் 16

தங்கச்சிக்கு,

நான் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அன்றைக்குப் பார்த்தேனே.

நீ அங்கே இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன், என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் பேசி முடித்தேன், நம் தெரு கைதட்டியது. ஆணையத் தலைவி அம்மாள், "மேட்டுத் தரப்புல யாரு பேசுறீங்க?" என்றார். மூன்றாவது வரிசையில் நீ எழுந்தாய். அண்ணன் பேச்சைக் கேட்கத் தங்கச்சி வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன். கையை ஆட்டினேன்! ஊரே பார்த்தது.

"உங்க தெருவுக்குக் கம்பம் நட்டப்ப யாரு செலவு பண்ணாங்க?" என்று கேட்டாய்.

"வாரியம்" என்றேன்.

"வாரியத்துக்கு யாரு கொடுத்தாங்க?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"ஊரே கொடுத்துச்சு. அப்ப உங்க வீடுதான் ஊர்க் கடைசி. நரி ஊளையிடுற இடத்துல போய் வீடு கட்டச் சொன்னது யாருன்னு உங்க அப்பாவை யாரும் கேக்கல. எனக்கு நல்லாத் தெரியும். அவர் எனக்கும் அப்பாதான்."

மண்டபம் சிரித்த சிரிப்பில் மின்விசிறி நின்றுவிட்டதோ என்று மேலே பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொழில் விஷயம். "இன்குபேட்டருக்கு ஆகுற கூடுதல் செலவை நானே கட்டுறேன், எழுதிக்குங்க" என்று, நான் உனக்கு எழுதியதை ஏறக்குறைய அப்படியே சொன்னாய்.

கடைசியாக நான் அந்த டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தேன். "எங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் பழசாகிப் புகையுது, அதை மாத்தக் காசில்லை, மேட்டுக்கு மட்டும் காசு இருக்கா?" என்று. கை தட்டல் கூரையைப் பிய்த்தது. நீ கையில் இருந்த தாளை மடித்து வைத்தாய். பிறகு, "அதுக்கு மனு போடுங்க. எங்க பதினொரு வீடும் சேர்ந்து கையெழுத்துப் போடுறோம். அந்தச் செலவு எங்க பில்லுலயும்தானே வரும்? வரட்டும், கட்டுறோம்" என்றாய். கைதட்டியவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார்கள்.

கர்னல் என் காதருகே குனிந்தார். "செயலாளரே, அந்த அம்மா உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி."

"கூடப் பொறந்ததா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார். அந்த "அப்ப சரி" இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கைப்பைப் பூட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். "இனிமே தேவையில்ல" என்றாள்.

அண்ணன்

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆணையத்தின் முடிவு வந்துவிட்டது. பகிர்வுக்குச் சம்மதம், தொழிலுக்குக் கூடுதலாக ஆவதைத் தொழில் செய்கிறவரே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மழைக்கு முன் கம்பம் நடுவதாகச் சொல்கிறார்கள்.

பதிலை உங்கள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு, நான் யாரென்று உங்களிடமே மறைத்தது தப்பு. மறைக்காவிட்டால் எனக்காக விட்டுக்கொடுத்திருப்பீர்கள். விட்டுக்கொடுத்துக் கிடைத்த கரண்டை எந்த முகத்தோடு போடுவது? பத்து வீட்டுக்காரர்களும் என்ன நினைப்பார்கள்?

திட்டியாவது எழுதுங்கள். தோள்பட்டை தேவலையா?

உங்கள் தங்கை

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ இரண்டு கடிதம் போட்டும் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய். மனுஷர் நன்றாகத்தான் இருக்கிறார், சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள்.

சங்கத்தில் செயலாளர் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். "தங்கச்சிக்காக நம்மளை வித்துட்டாரு" என்று கர்னல் தெருமுனையில் நின்று சொல்கிறார். உன் அண்ணன் வீடு வீடாகப் போய், "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் தெருப் பெண்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறார்கள். "அண்ணன்னா இப்படி இருக்கணும், பேச்சுக்குப் பேச்சு எதிர்த்த மாதிரி எதிர்த்து, கூடப் பொறந்தவளை ஜெயிக்க வச்சுட்டாரே" என்று லாண்டரிக்காரர் மனைவி சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைக்கிறாள். பூட்டே தேவையில்லாதவர்கள்கூட வந்து பூட்டு வாங்குகிறார்கள். இவர் மறுக்க மறுக்க, "பெரிய மனசு, ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்கிறார்கள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நம் கடிதங்களை மோப்பம் பிடித்தவருக்கு, அந்தக் கோழிக்காரி யாரென்று தெரியாமலா இருந்திருக்கும்? இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, இவரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது.

கம்பம் வந்ததா? எழுது.

அண்ணி

*

செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

கம்பம் நட்டுவிட்டார்கள். போன வாரம் கம்பி இழுத்தார்கள். இன்குபேட்டரில் முட்டை வைத்திருக்கிறோம். ஜெனரேட்டர் இல்லாமல் முதல் தடவை. சத்தமே இல்லாமல் சூடு நிற்பதை நம்ப முடியாமல், இவர் கால்மணிக்கு ஒருதரம் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறார்.

இப்போது ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் வேண்டும். ஆற்றுக்கு அந்தப்புறம் இன்னும் இரண்டு மேடு இருக்கிறது. நவம்பர் கூட்டத்தில் அவர்களுக்காக என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அண்ணி கடிதம் வந்தது. இவரும் சிரிக்கிறார்: "உங்கண்ணன் விட்டுக் கொடுத்தாரு, நீ என்னமோ ஜெயிச்சதா நெனச்சுக்கிட்டிருக்க!"

அண்ணா, உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் எல்லாவற்றையும் எனக்கு எழுதினீர்களா? நினைக்க நினைக்க எனக்கும் சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் அவ்வளவு வெள்ளந்தியா? தெரிந்துதான் தோற்றீர்கள் என்றால் உங்கள் காலில் விழுகிறேன். ஆனால் நவம்பர் கூட்டத்துக்குப் போக மாட்டேன். அங்கே எதிரில் நிற்பது எனக்கு அண்ணனாக இருக்காது. பேசத் தெரியாதவள் பேசிக் கெடுத்தால், இருட்டில் இருக்கப் போவது அவர்கள்.

உங்கள் தங்கை

*

அக்டோபர் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். தோள்பட்டையும் முழங்காலும் சேர்ந்து சங்கம் வைத்துவிட்டன. அதிலும் என்னைச் செயலாளராகச் சேர்க்கவில்லை.

இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து எழுதாததற்குக் காரணம் வேறு. நான் தெருவில் நடந்தால் ஜன்னல்கள் திறக்கின்றன. நேற்று லாண்டரிக்காரர் மனைவி தன் பையனை இழுத்துவந்து, "இவர் மாதிரி இருடா" என்றாள். பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என் வாழ்நாளில் என்னை யாரும் யாருக்கும் காட்டி அப்படிச் சொன்னதில்லை. முதலில் மறுத்தேன். பிறகு மறுப்பதைக் கொஞ்சம் குறைத்தேன். போன மாதம் முழுக்க மறுக்கவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அதற்கும் ஒரு பாராட்டு வந்தது.

ஆனால் நீ கேட்டுவிட்டாய். எனக்குத் தெரியாது. துளிகூடத் தெரியாது. கோழிக்காரிக்குப் பின்னால் யார் என்று தேடினேனே தவிர, கோழிக்காரி யார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. நான் அவ்வளவு வெள்ளந்தியா என்று கேட்டாய். ஆமாம். முப்பது வருஷம் பூட்டு விற்றவன் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரிந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எழுதியிருந்தாய். இல்லை. நீ எழுந்து நின்ற பிறகு எதிரி யாரென்று எனக்குத் தெரியும்தானே? நீ முதல் கேள்வியிலும் இரண்டாவதிலும் என்னை மடக்கிய பிறகுதான் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கேள்வியைப் போட்டேன். அதை நான் உனக்கு எழுதவில்லை, கர்னலிடம்கூடச் சொல்லவில்லை. அங்கே நின்றபடியே, எப்படியாவது உன்னை விழவைக்க வேண்டும் என்று யோசித்துப் போட்டது. கூடப் பிறந்தவள் என்று தெரிந்தும் முழுப் பலத்தோடு போட்டது. கை தட்டினார்களே, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதற்கு நீ சொன்ன பதில் எந்தக் கடிதத்திலிருந்தும் எடுத்தது இல்லை. உன்னுடையது.

ஆகவே ஜெயித்தது நீதான். நவம்பருக்குப் போ. பேசும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசு. கடைசி வரிசைக்குப் பாதி கேட்கவில்லை. அந்தப் பக்கத்துச் சங்கத்தில் என்னைப்போல ஒரு ஆள் இருப்பான். முதலில் அவன் சந்தேகப்படுவதை முழுக்கச் சொல்லவிடு. அதில் பாதி நியாயமாக இருக்கும். உன் கூடுதல் செலவு உன் பில்லில் வந்தது என் சந்தேகத்தால்தான், அதற்கு நான் வருத்தப்படப் போவதில்லை.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைத் தாராளமாகக் காட்டு. பதினொரு வீட்டுக்கும் படித்துக் காட்டு. உன் அண்ணியிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே. அவள் இந்த வாரம், நான் கேட்காமலே, இரண்டு தடவை காபி கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்